நடுவில் போட்ட ஒயர்

சின்ன மாமா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அம்மாவுக்குத் தம்பி. சேதராப்பட்டில் ஏரியல் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அப்பாவுக்கு ஃபைபர் படகு. படகில் இருந்த வயர்லெஸ் செட்டில் பேசினால் கரைக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஏரியலைச் சோதிக்கும் அனலைசரைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் மெஷின்.

அப்பா சிரித்தார். "மச்சான், மீனு எங்க கெடக்குதுன்னும் காட்டுமா இது?"

மாமா கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் சொன்னார். மெஷினே உள்ளே ஒரு அலையை உண்டாக்குமாம். அதில் கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீதியை ஏரியலுக்கு அனுப்புமாம். நல்ல ஏரியல் அதை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். கெட்டது திருப்பி அனுப்பும். போவதும் வருவதும் ஒரே ஒயரில்தான். வருவதை மட்டும் தனியே பிரிக்க உள்ளே ஒரு பாகம் உண்டு. வந்ததையும் வைத்திருந்ததையும் ஒப்பிட்டு, எவ்வளவு வந்தது, எவ்வளவு பிந்தி வந்தது என்று கோடு போட்டுக் காட்டும்.

மெஷினுக்கும் சொந்தத் தப்பு இருக்கும். அதைக் கழிக்கத்தான் குட்டி மூடிகள். ஒன்று அலையை அப்படியே திருப்பும், ஒன்று தலைகீழாகத் திருப்பும், ஒன்று முழுசாக விழுங்கும். அவற்றை மாட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபின்தான் வேலையே. மாமா அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார்.

படகில் மெஷினின் ஒயர் ஏரியலுக்கு எட்டவில்லை. பக்கத்துக் கடையில் கேபிள் டிவி ஒயர் ஒரு துண்டு வாங்கி, முறுக்கி, டேப் சுற்றி நடுவில் போட்டார். கோடு மோசமாக வந்தது.

"ஏரியல் போச்சு மாமா. இதோட பேசினா செட்டும் போயிடும்" என்றார் அப்பாவிடம்.

அப்பா ஏரியலைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டார். வந்து புதுசு வாங்கிக்கலாம் என்று சாயங்காலம் கடலுக்குப் போனார்.

விடிந்து எல்லாப் படகும் வந்தது. அப்பா வரவில்லை. அம்மா துறைமுகத்தில் நின்றபடி அப்பாவைத்தான் திட்டினாள். மக்கிப்போன ஏரியலை மாத்தாம வச்சிருந்தாரே, என் பேச்சை எப்ப கேட்டாரு என்று. சாயங்காலம் வேலை முடிந்து வந்த மாமா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வேறொரு படகு அப்பாவின் படகைக் கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் நின்றுபோயிருந்தது. தூரத்தில் மற்ற படகுகளின் லைட் தெரிந்தும் கூப்பிட வழியில்லை.

அப்பா சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மாமா சொன்னார். கம்பெனியில் ஏரியலை நேராக மாட்டிப் பார்த்தாராம். கோளாறே இல்லை. நடுவில் போட்ட ஒயரின் முனையில் மூடிகளை மாட்டி மறுபடியும் கணக்குச் சொல்லியிருக்க வேண்டுமாம். சொல்லாததால் ஒயரின் தப்பும் முறுக்கின தப்பும் ஏரியல் தலையில் விழுந்துவிட்டதாம்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றாள் அம்மா.

"நேத்து மத்தியானம்."

அம்மா எழுந்துபோய் மாமாவின் செருப்பை எடுத்துத் தெருவில் எறிந்தாள். மாமா வெறுங்காலோடு இறங்கிப் போனார். இன்று வரைக்கும் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்பா எழுந்து நாலு அறை விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. அவர் கை நடுங்கி, சோறு தட்டிலேயே சிந்தியது. ஆத்திரத்தை அடக்குகிறார் என்று நினைத்தேன். அப்புறம் பல நாள் அவர் கடல் பக்கமே போகாமல் வீட்டில் கிடந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன்.