தலையில் வைத்த சிவப்பு அரளி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாராவாரம் பேப்பரின் இந்த மூலையில் என்னென்னவோ எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்ததைக்கூட எழுதினேன். (இரண்டு நாள் பேசவில்லை அவர்.) ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்... பேனாவை எடுப்பேன், அம்மன் படத்தைப் பார்ப்பேன், பேனாவை மூடிவிடுவேன்.

போன வாரம் காம்பார் ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளை எனக்கு முன்பின் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே கதை சொல்ல ஆரம்பித்தார்.

“ஒங்களுக்குத் தெரியுமாக்கா? ஜெலாப்பாங் மாரியாத்தா கோயில்ல பூ கேட்டாங்களாம். யுனிவர்சிட்டி மிஸ் ஒருத்தவங்க. இந்த வேலையில இருக்கவா, விட்டுட்டுப் போவவான்னு. ஆத்தா பாதத்துல இருந்து வெள்ளப் பூ தானா உருண்டு வந்து மிஸ் மடியில விழுந்துச்சாம் லா!”

எனக்குப் பாயசம் புரையேறிவிட்டது.

“மெதுவாக்கா... கேக்கவே சிலிர்க்குதுல்ல?”

சிலிர்க்கத்தான் செய்தது. அந்தப் பூவை மடித்துக் கட்டியவளே நான்தானே!

இனியும் சும்மா இருந்தால் அடுத்த வருஷம் அந்தப் பூ எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

மிஸ் என்றால் மிஸ் திலகவதி. ஈப்போவில் பிறந்து வளர்ந்த சிலோன்காரப் பெண். யுனிவர்சிட்டியில் நிர்வாகப் பாடம் நடத்தும் லெக்சரர். கம்பெனி நடத்துவது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. அவருடைய ஆசையோ வேறு. அநாதை இல்லம், தர்ம சங்கம், ஏழைப் பெண்கள் சேர்ந்து செய்யும் தொழில்... இவற்றை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று ஒரு பாடம் கொண்டுவர வேண்டும். அதையே பிழைப்பாகவும் கொள்ள வேண்டும்.

“நல்ல மனசு மட்டும் காணாது, கமலாக்கா. நல்ல மனசுக்கும் நிர்வாகம் வேணும்” என்பார். (காணாது என்றால் சிலோன் பேச்சில் போதாது.)

யுனிவர்சிட்டியில் சிரித்தார்களாம். தர்மம் பண்ண டிகிரியா என்று.

நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கு அப்போது சிரிக்க நேரமில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பால் வெட்டிய கையோடு பத்துப் பெண்கள் ஜெலாப்பாங்கில் வந்து விழுந்தோம். பேக்டரிகளில் சின்னப் பெண்களைத்தான் எடுத்தார்கள். கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மிளகாய், மல்லி வறுத்து, கறித்தூள் அரைத்து விற்க ஆரம்பித்தோம். அரைத்தோம் என்பதைவிட, ஜெலாப்பாங் முழுவதையும் தும்ம வைத்தோம் என்று சொல்லலாம். மிஸ் எங்கேயோ கேள்விப்பட்டு எங்களைத் தேடி வந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை காலமை ஏழு மணிக்கு மீட்டிங். எல்லாரும் வரோணும். பேர் எடுப்பன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேர் எடுப்பேன் என்று ஒருவர் சொன்னால் தோட்டத்து ஆட்களுக்கு என்ன அர்த்தம்? பெரட்டுதான்! விடியற்காலையில் வரிசையில் நிற்பதும், கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவதும், பிறகு வேலைக்குப் போவதும் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே பத்துப் பேரும் தலையில் துணி கட்டிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே வரிசையாக நின்றோம். மூச்சு விடவில்லை.

மிஸ் காரிலிருந்து இறங்கித் திகைத்துப் போனார்.

“ஏன் வெளியில நிக்கிறீங்கள்? உள்ளுக்கு கதிரை போட்டிருக்கே!”

“பேரு எடுக்கணும்னு சொன்னீங்களே மிஸ்” என்றாள் பாக்கியம். எங்கள் கூட்டத்தில் வாய் நீளம் அவளுக்குத்தான்.

 மிஸ் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, நேராக வந்து வரிசையின் கடைசியில், எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“அப்ப முதல்ல என்ர பேரை எடுங்கோ.”

பாக்கியத்துக்குச் சொல்லவா வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் பழைய கிராணி மாதிரியே மூக்கால் கத்தினாள். “திலகவதீ!”

“இருக்கிறன்!”

“லேட்டு! அரைப்பேரு!”

அரை நாள் கூலிதான் என்று அர்த்தம். பத்துப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம்தான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தோம். அதற்கு முன் எந்தப் படித்தவருக்கு எதிரிலும் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

சுவரில் பெரிய தாளை ஒட்டி, “உங்கட குறிக்கோள் என்ன?” என்று கேட்டார் மிஸ்.

“மொளவா காயணும் மிஸ். மழை வரக் கூடாது” என்றாள் பாக்கியம்.

அதையும் எழுதிக்கொண்டார்!

அவர் சொன்ன பாடங்களில் எனக்கு மறக்காதது ஒன்று. ஒரு தடவை மல்லி கருகிப்போய், அந்தத் தூள் ஒரு கல்யாண வீட்டுக்கே போய்விட்டது. கருக்கியது யார்? பத்து வாயும் பூட்டிக்கொண்டது. தோட்டத்தில் தப்பை ஒத்துக்கொண்டவளுக்குத் திட்டுதான் கிடைக்கும். மறைத்தால்தான் பிழைக்கலாம். மிஸ் கோபப்படவில்லை. ஒரு சட்டம் போட்டார். மீட்டிங்கில் தன் தப்பை யார் முதலில் சொல்கிறாரோ, அவருக்குத்தான் முதல் கிளாஸ் தேத்தண்ணி.

மிஸ் போடும் இஞ்சித் தேத்தண்ணி அப்படி இருக்கும். ஒரே மாதத்தில் பாக்கியம் செய்யாத தப்பையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் மிஸ்ஸின் முகம் சரியில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனி அவரை மேனேஜராகக் கூப்பிடுகிறதாம். காரும் வீடும் உண்டாம். இங்கே யுனிவர்சிட்டியிலோ, தோட்டத்துப் பெண்கள் பின்னால் அலைந்தால் மேலே வர முடியாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

“நீங்க என்ன மிஸ் நெனைக்கிறீங்க?”

“எனக்கே தெரியேல்லை, கமலாக்கா.”

அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது! மிஸ்ஸின் அம்மா கறித்தூள் கொட்டகைக்கே வந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சொன்னார்: “இவளுக்கு விசர், பிள்ளை. தகப்பன் இருந்தா விடுவாரே? மிளகாய்த்தூளுக்க நிண்டு தும்முறதுக்கே இவ்வளவு படிச்சவள்?”

 கடைசியில் அம்மாவே வழி சொன்னார். சாமியிடம் பூ கேட்போம். சாமி என்ன சொல்கிறதோ அதுபடி நடப்போம்.

“கேக்கிறதெண்டால் இஞ்சயே கேப்பம் அம்மா. ஜெலாப்பாங் அம்மனிட்ட” என்றார் மிஸ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. மல்லிகை என்றால் இருக்க வேண்டும். சிவப்பு அரளி என்றால் கோலாலம்பூர். இரண்டையும் தனித்தனியே வாழை இலையில் மடித்துக் கட்டி அம்மன் பாதத்தில் வைத்து, கேட்பவரே கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் எங்கள் கோயில் வழக்கம்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்குப் பூக்கட்டுபவள் யார்? நான்.

ஆகவே மடித்துக் கட்டும் வேலையும் எனக்கே வந்தது. கோயிலின் பின்பக்கம் உட்கார்ந்தேன். முன்னால் தட்டு நிறைய மல்லிகை. ஒரே ஒரு சிவப்பு அரளி. முதல் இலையில் மல்லிகையை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை எடுத்தேன்... அரளியை எடுத்தேன்...

 இவர் போய்விட்டால் எங்களை நாற்காலியில் உட்காரச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கொட்டகை மூடிவிடும். பத்துப் பேரும் வீட்டு வேலைக்குப் போவோம். மறுபடியும் வெளியே நிற்போம்.

‘தாயே, உனக்கும் மல்லிகைதான் பிரியம் என்று வைத்துக்கொள்வோம். நான் உன் வேலையைக் கொஞ்சம் சுலபமாக்குகிறேன், அவ்வளவுதான்.’

இரண்டாவது இலையிலும் மல்லிகையையே வைத்துக் கட்டிவிட்டேன்.

சரி, கையிலிருக்கும் அரளியை என்ன செய்வது? சாமிக்கென்று வந்த பூவைக் கீழே போடலாமா? இடுப்பில் சொருகினால் பாவமில்லையா? அதற்குள் பூசை செய்யும் பண்டாரம் மணியடித்துவிட்டார். சட்டென்று கொண்டையில் செருகிக்கொண்டு ஓடினேன்.

பொய் செய்கிறவளுக்குப் பாவ புண்ணியம் பார்க்கும் புத்தியைப் பாருங்கள்!

தட்டைக் கொண்டுபோய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று, அம்மன் பாதத்தில் வைத்தேன். மிஸ் மண்டியிட்டார். வெகு நேரம் கும்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பண்டாரம் பிரித்தார்.

மல்லிகை!

பாக்கியம் போட்ட குலவையில் கோயில் மணியே அடங்கிப்போயிற்று. மிஸ்ஸின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சாவகாசமாக, “மற்றதையும் ஒருக்கா பிரிச்சுப் பாப்பமே?” என்றார்.

என் உயிர் என்னிடம் இல்லை.

“வேண்டாம் அம்மா. அம்மன் சொன்னது காணும்” என்று மிஸ் அந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். கும்பிடுவதற்காகத்தான் எடுத்துப்போகிறார் என்று நினைத்தேன்.

எல்லாரும் போன பிறகு பாக்கியம் என் தலையையே உற்றுப் பார்த்தாள்.

“என்னாக்கா இது? அரளிய போயி எந்த மவராசியாவது தலையில வைப்பாளா?”

“மல்லி கெடைக்கல.”

“தட்டு நெறைய மல்லி கெடக்கு லா!”

“போடி, போயி மொளவாயப் பாரு. மழை வருது” என்று விரட்டினேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மிஸ் போகவில்லை. கோலாலம்பூர்க் கம்பெனிக்கு முடியாது என்று எழுதிவிட்டார். மேலே வர வெகுகாலம் பிடித்தது. அவரோடு சேர்ந்தவர்களெல்லாம் பெரிய பதவிக்குப் போனபோது, இவர் பழைய காரில் சிலிம் ரிவர் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அவர் ஆசைப்பட்ட அந்தப் பாடம் வந்தது. இப்போது அவருடைய மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் கொட்டகைக்கு வருகிறார்கள், தும்முகிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள். பாக்கியம் அவர்களுக்குப் பெரட்டு நடத்துகிறாள்.

நான்? வருஷா வருஷம் பால்குடம் எடுத்தேன். “என்ன வேண்டுதல்?” என்று வீட்டுக்காரர் கேட்பார். “உங்களுக்கு நல்ல புத்தி வரணும்னுதான்” என்பேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சாமி பேரைச் சொல்லி நானே திருப்பிவிட்டேனே! அந்தப் பெரிய வேலை, அந்த வீடு... எல்லாவற்றையும் நான்தானே கெடுத்தேன்? மிஸ்ஸின் பழைய காரைப் பார்க்கும் போதெல்லாம் நெஞ்சு குத்தும். சொல்லவும் பயம். மிஸ்ஸின் அம்மா அந்த வெள்ளைப் பூவைக் காயவைத்துத் தன் சாமி அறையில் வைத்திருந்தார். போன வருஷம் அவர் சிவபதம் அடைந்தார்.

காம்பார் கல்யாணத்துப் பாயசம் என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் பஸ் ஏறி, மிஸ் வீட்டுக்குப் போனேன். அவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கிளாசைத் தொடாமல், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுகைக்கு நடுவே இரண்டு தடவை மூக்கைச் சிந்தினேன். நிறைய நேரமாகிவிட்டது.

மிஸ் சிரித்தார்!

“எனக்குத் தெரியும், கமலாக்கா.”

“எப்படி மிஸ்? வீட்டுக்குப் போயி அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தீங்களா?”

“பிரிக்கவே இல்லை. ஆற்றில விட்டுட்டன். நீங்க தட்டை வைக்கத் திரும்பினீங்கள். கொண்டையில சிவப்பு அரளி! ஒரு பொட்டலத்துக்குள்ள இருக்கவேண்டிய பூ உங்கட தலையில இருந்தா, உள்ளுக்க என்ன இருக்குமெண்டு தெரியாதோ?”

“அப்புறம் ஏன் மிஸ் எடுத்தீங்க? தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான். அம்மாவுக்கு அம்மன் சொல்லோணும். எனக்கு நீங்க சொன்னது காணும்.”

 பக்திக்காரி, சாமியை ஏமாற்றிவிட்டேன் என்று ஒன்பது வருஷம் பால்குடம் சுமந்தேன். இப்போது யோசிக்கிறேன்... அந்தப் பூவை வைக்க வேறு இடமா இல்லை? ஊரே பார்க்கிற மாதிரி கொண்டையில் செருகச் சொன்னது யார்? நான் மறைக்கப் பார்த்ததை என் தலையிலேயே வைத்துக் காட்டியவள் அவள்தான். கேட்டவருக்கு உண்மை தெரிந்தது. முடிவை அவரே எடுத்தார். அம்மன் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

“இத பேப்பர்ல எழுதவா மிஸ்?”

“எழுதுங்கோ. ஆனா ஒண்டையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

உங்களையும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணப் பந்தியிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாராவது பூ தானாக உருண்டது என்று ஆரம்பித்தால், நிறுத்தி, இதைச் சொல்லுங்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள். என் மேல் பரிதாபப்பட்டு என் தப்பைக் குறைக்காதீர்கள். அம்மன் மேல் பக்திப்பட்டுப் பூவை உருட்டாதீர்கள்.

கிளம்பும்போதுதான் கிளாசைப் பார்த்தேன்.

“முதல்ல தப்பைச் சொன்னா முதல் தேத்தண்ணி. நீங்க ஒன்பது வருஷம் பிந்திட்டீங்கள்” என்று மிஸ் என் கையில் எடுத்துக் கொடுத்தார்.

ஆறிப்போன தேத்தண்ணிதான். ஆனாலும் முதல் கிளாஸ் எனக்கு!