ஏரியை அட்டையில் போட்ட கௌஸ் மைதீன்

பழவேற்காட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்துவந்த கௌஸ் மைதீனுக்கு 1983-இல் ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஏரியை வரைந்து, அறுபது கட்டம் போட்டு, சோழி உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்றைச் செய்தார். கட்டத்துக்கு ஒரு கதை. கெளுத்தி முள் குத்தினால் இரண்டு கட்டம் பின்னால். முகத்துவாரம் மணல் மூடினால் முதலிலிருந்து. கடைசிக் கட்டத்தில் வலை நிறைய இறால்.

மீஞ்சூர் அச்சகக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு பேரு கடைசி வரைக்கும் ஆடி முடிச்சாங்கன்னா வா, அச்சடிச்சுத் தரேன்" என்றார். நாலு பேர்தானே என்று மைதீன் துள்ளிக்கொண்டு ஊர் திரும்பினார்.

படகுத்துறையில் ஆட உட்கார்ந்த நாலு மீனவர்களில் செங்கல்வராயன் பாதியிலேயே எழுந்துவிட்டார். "முகத்துவாரம் நெஜத்துலயே அடைச்சிக்கினு உசுர வாங்குது. ஆட்டத்துலயும் அதேவா?"

மைதீன் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டார். மறுநாள், "இன்னா பாய், இவ்ளோ சுளுவா இருந்தா யாரு ஆடுவா?" என்றார் அதே மனிதர். மைதீனுக்குத் தலை கிறுகிறுத்தது. பாதிக் கட்டங்களை மாற்றி எழுதினார்.

மூன்றாம் நாள் அவருக்குச் சோழியில் ஆறு விழுந்தது. காய் வடக்கு இறால் கட்டத்துக்குப் போக வேண்டும். செங்கல்வராயன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அங்க இன்னிக்கு எங்க பாடு இல்ல பாய். மத்தவங்க முறையில எப்டி வலை வுடுறது?"

"அண்ணே, இது வெறும் அட்டைண்ணே."

"அட்டையா இருந்தா இன்னா? பாடு முறைய எழுதிக் குடு, நாங்க நாலு பேருமே ஆடி முடிக்கிறோம்."

ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை விடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பது மைதீன் அறியாததல்ல. அட்டைக்கும் அது வேண்டும் என்பதுதான் அவர் புத்திக்கு எட்டவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் காலையில் அட்டையில் பாடு முறையை எழுத சிவப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

அப்போது இறால் கொடுக்க எல்லம்மா வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். அட்டையைப் பார்த்ததும் "நானும் ஆடட்டா பாய்?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் படிக்கச் சொல்லிச் சிரித்தாள். கெளுத்தி குத்தியபோது நிஜமாகவே கையை உதறினாள். வடக்கு இறால் கட்டம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"இங்க நான் போலாமா?"

"சோழி விழுந்தா போலாம்."

"யாரும் தொரத்த மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

காயை மெதுவாக வைத்தாள். அங்கிருந்து கடைசி வரைக்கும் போனாள். ஆட்டத்தை முழுதாக முடித்த முதல் ஆள் அவள்தான். மைதீனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"கையால தடவுற எங்களுக்குத்தான் ஏரியில பாடே கெடையாதே பாய். இதுலதான் ஏரி பூரா சுத்துனேன். நாளிக்கி எங்க ஆளுங்க மூணு பேர இட்டாரேன்" என்று எழுந்தவள், திறந்திருந்த டப்பாவைப் பார்த்தாள். "இந்த செவப்பு எதுக்கு?"

வாசலில் செங்கல்வராயனின் குரல் கேட்டது.

"படகுக்கு" என்றார் மைதீன். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.