யுவஸ்ரீ கட்டிய ஹரீஷ்குமாரின் வீடுகள்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் கால்நடைப் பண்ணையைத் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் லைன் வீடுகள். ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, வாசலில் தண்ணீர் டிரம், மாடிப்படிக்கு அடியில் இடித்துக்கொண்டு நிற்கும் பைக்குகள். ஷிப்ட்டுக்குப் போகிறவர்களும் ஷிப்ட் முடிந்து வந்தவர்களும் குடியிருக்கிறார்கள். இந்த வீடுகளில் பாதிக்கு மேல் யுவஸ்ரீ வரைந்தவை. அளவெடுத்தது அவள். கம்பி கட்டும்போது மேஸ்திரியோடு சண்டை போட்டது அவள். காங்கிரீட் போடுகிற அன்று மேகம் கறுத்தால் வானத்தைத் திட்டியதும் அவள்தான்.

ஆனால் அரசாங்கத்தின் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாருங்கள். யுவஸ்ரீ பெயரில் அது ஒரு செங்கல்லைக்கூடக் காட்டாது. அத்தனைக்கும் அங்கே பொறுப்பாளர் பதிவு பெற்ற பொறியாளர் ஹரீஷ்குமார். அவர் மத்திகிரிக்கே வந்ததில்லை என்று சொன்னால் அபாண்டம். பிள்ளைகளுக்குப் பண்ணையில் மாடு காட்ட ஒருமுறை வந்திருக்கிறார்.

யுவஸ்ரீ சூளகிரிப் பக்கம். அப்பா கங்கப்பன் அடுத்தவர் தோட்டங்களில் தக்காளி பறித்தே காலம் முடித்தவர். அம்மா மாரம்மா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். மகள் பி.இ. சிவில் முடித்ததும் மாரம்மா கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தார். மெக்கானிக்கல் படித்திருந்தால் யுவஸ்ரீ ஏதாவது ஒரு தொழிற்சாலையில் கிழவியாகும் வரை ட்ரெய்னியாக இருந்திருக்கலாம். சிவில் படித்ததால் அந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போயிற்று.

வீட்டு பிளானை அனுமதிக்கு அனுப்ப வேண்டுமானால் பதிவு பெற்ற பொறியாளர் வேண்டும். அவருடைய பெயரில் அரசு இணையதளத்துக்குள் நுழைந்துதான் அனுப்ப முடியும். வரையத் தெரிந்தவர்கள் நிறைய, பதிவு பெற்றவர்கள் கொஞ்சம். அதனால் இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ‘கையெழுத்து வாங்கறது’ என்று பெயர். கையெழுத்தெல்லாம் பழைய காலத்தோடு போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். இப்போது யுவஸ்ரீ மாதிரி ஒருத்தி ஹரீஷ்குமாரின் பாஸ்வேர்டைப் போட்டு பிளானை ஏற்றுவாள். ஓடிபி ஹரீஷ்குமாரின் போனுக்குப் போகும். அவள் கூப்பிடுவாள். அவர் எங்கே இருந்தாலும் தட்டாமல் சொல்வார். கல்யாணப் பந்தியில் இருந்து சொல்லியிருக்கிறார்.

“எழுதிக்கோ யுவா. நாலு, ஏழு... ரசம் கொஞ்சம் விடுங்க... ஏழு, ஒண்ணு... போதும் போதும், உனக்கில்லம்மா, இலைக்குச் சொன்னேன்.”

ஒரு வீடு அப்படித்தான் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் அனுமதி பெற்றது. இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. வீட்டுக்காரருக்கு அனுமதி, ஹரீஷ்குமாருக்கு வருமானம், யுவஸ்ரீக்கு வேலை. அவள் மட்டும் ஒரு நாள் அதிகப்பிரசங்கித்தனமாக, தானே பதிவு வாங்கினால் என்ன என்று யோசித்தாள்.

பட்டம் இருந்தது. கூடவே, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் வேலை பார்த்த அனுபவத்துக்கு அவரே கொடுக்கும் சான்று வேண்டும். யுவஸ்ரீ நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு பாகலூர் ரோட்டில் இருக்கும் ஹரீஷ்குமாரின் ஆபீஸுக்குப் போனாள்.

“எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ஒண்ணு வேணும் சார்.”

“எதுக்கும்மா, துபாய் போறியா?”

“ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அப்ளை பண்றேன் சார்.”

ஹரீஷ்குமார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நல்ல விஷயம். என்னன்னு எழுதட்டும்?”

“நடந்ததைத்தான் சார். டிசைன் பண்ணேன், சைட் பாத்தேன்னு.”

“நீ டிசைன் பண்ணேன்னு நான் எழுதினா, நான் என்ன பண்ணேன்னு கேப்பாங்களே?”

நியாயமான கேள்வி.

“உன்ன என் பொண்ணு மாதிரி நினைக்கறேன் யுவா.”

“உங்க பொண்ணு ஆஸ்திரேலியாவுல இன்ஜினியரா இருக்காங்க சார்.”

“அதான் சொல்றேன். அவளுக்கும் நான் லெட்டர் குடுக்கலியே.”

அவளை மூன்று வாரம் நடக்கவைத்த பிறகு கொடுத்தார். ‘செல்வி யுவஸ்ரீ எமது அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுக்கும் கணினிப் பணிகளில் உதவியாக இருந்தார். நன்னடத்தை உள்ளவர்.’ பதிவு அலுவலகம் அதைப் படித்துவிட்டு, பொறியியல் அனுபவத்துக்குச் சான்று இல்லை, சரியான சான்றுடன் மீண்டும் அனுப்பவும் என்று விண்ணப்பத்தைத் திருப்பியது. நன்னடத்தையைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு பொறியாளர்களிடம் போய்ப் பார்த்தாள். ஒருத்தர், “நீ ஹரீஷ் சார் ஆளாச்சே” என்றார். இன்னொருத்தர் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்க, அங்கே அவருக்கென்று இருந்த ஒரு யுவஸ்ரீ கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் மாரம்மா கேட்டார். “அங்க எல்லார்கிட்டயும் எம்பொண்ணு இன்ஜினியருன்னு சொல்லி வெச்சிருக்கேன். அப்புறம் ஏன் ஒரு போர்டுலயும் பேரு வரலைன்னு கேக்கறாளுங்க. நான் என்னான்னு சொல்ல?”

“லஞ்சுக்கு அவங்களோட ஒக்காராதம்மா.”

இந்தச் சமயத்தில்தான் சம்பங்கியின் வீடு குறுக்கே வந்தது.

சம்பங்கிக்கு மத்திகிரியில் நிலம். அப்பா காலத்தில் ராகி, அவர் காலத்தில் ரோஜா, இப்போது வாடகை வீடு. தண்ணீர் விடாமல், மருந்து அடிக்காமல் மாதா மாதம் அறுவடை தருகிற பயிர் அது ஒன்றுதான். யுவஸ்ரீயை எதிரில் ‘இன்ஜினியர் பாப்பா’ என்பார், அந்தப் பக்கம் போனதும் ‘மாரம்மா பொண்ணு’ என்பார். வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரிக்கு சில்வர் டம்ளரில் காபி வரும், யுவஸ்ரீக்குப் பேப்பர் கப்பில் வரும். சுத்தத்துக்காக என்று விளக்கம் சொல்வார். யாருடைய சுத்தம் என்று அவள் கேட்டதில்லை.

தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் என்று பிளான். அஸ்திவாரமும் தூண்களும் அவ்வளவுக்குத்தான் போட்டிருந்தாள். வீடு முடிந்து ஆட்கள் குடிவந்த பிறகு, ஒரு நாள் மேலே செங்கல் ஏறுவதைப் பார்த்தாள்.

“அண்ணா, இது தாங்காதுங்க. அஸ்திவாரம் ஒரு மாடிக்குத்தான் போட்டிருக்கு.”

“ஷீட்டுதான் பாப்பா போடறேன். வெயிட்டே இருக்காது.”

அடுத்த முறை போனபோது காங்கிரீட் கூரைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே இன்னொரு மாடிக்கும் கம்பி நீட்டி விட்டிருந்தார்கள்.

“ஷீட்டுன்னீங்களே அண்ணா?”

“ஷீட்டு போட்டா வெயில்ல பசங்க வெந்து போவாங்க. பாவம் இல்லியா?” சம்பங்கிக்குக் குடியிருப்பவர்கள் மேல் அப்படி ஒரு கரிசனம். “ஆய்த்து ஆய்த்து, சொல்லிட்டியில்ல, போ பாப்பா. ஹரீஷ் சார் ஒண்ணும் சொல்லலியே.”

ஹரீஷ்குமாருக்குப் போன் செய்தாள். அவர் பெங்களூரு சில்க் போர்டு டிராபிக்கில் நின்றுகொண்டிருந்தார், பேச நிறைய நேரம் இருந்தது. “நம்ம பிளான்ல இல்லாத மாடி நம்ம மாடி இல்லம்மா. கண்டுக்காத.”

புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் மத்திகிரியில் இன்னொருத்தர் வீட்டுக்கு அளவெடுக்க அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. கம்பி நீட்டியிருந்த இன்னொரு மாடியும் எழுந்தது. இதில் யுவஸ்ரீயை நல்லவளாக்கிக் காட்ட வழியில்லை, அவளும் அப்படிக் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் தரைத்தளத்து வீடு ஒன்றில் கதவு சாத்த வரவில்லை. மரம் ஊதியிருக்கும் என்று தச்சரைக் கூட்டிவந்தார்கள். தச்சர் கதவைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார். மேலிருந்து கோணலாக ஒரு விரிசல், விரல் நுழையும். மதியத்துக்குள் அத்தனை குடித்தனமும் அடுப்பும் வாளியுமாக ரோட்டுக்கு வந்துவிட்டது. யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஹரீஷ்குமாருக்கு நோட்டீஸ் போனது.

ஹரீஷ்குமார் அசந்து போகிறவர் இல்லை. உட்கார்ந்து பதில் எழுதினார். அதன் நகல் ஒன்று யுவஸ்ரீக்கும் வந்தது, விசாரணைக்கு வரச் சொல்லி ஒரு கடிதத்தோடு. மாரம்மா படிக்கச் சொன்னார். யுவஸ்ரீ படித்தாள்.

‘மேற்படி கட்டடத்தின் வடிவமைப்பு, தூண் மற்றும் கம்பி அளவுகள், கள மேற்பார்வை அனைத்தையும் செல்வி யுவஸ்ரீ ஒருவரே செய்தார். எனது கடவுச்சொல்லை எனக்குத் தெரியாமல் பயன்படுத்தி அவரே விண்ணப்பித்தார். கீழ்க்காணும் கட்டடங்களையும் அவ்வாறே அவரே வடிவமைத்தார்.’ கீழே பெரிய பட்டியல். ஒரு வீடு விடவில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் பிறந்த வீடுகூட இருந்தது.

மாரம்மா தாளை வாங்கிக் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். “நீ கேட்ட லெட்டரு இதுதானே?”

“இதுதாம்மா.”

“நல்லாத்தானே எழுதியிருக்காரு? எல்லாமே நீதான் பண்ணேன்னு?”

“ஆமா.”

“அப்புறம் ஏன்டி மூஞ்ச அப்படி வெச்சிருக்க?”

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. மின்விசிறிக்கு அடியில் இருந்த நாற்காலியை அவளுக்குக் காட்டினார். அவர் மேஜையில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று அவளுடைய பதிவு விண்ணப்பத்தோடு இருந்த சான்று, இன்னொன்று நோட்டீஸுக்கு வந்த பதில். இரண்டிலும் ஹரீஷ்குமாரின் கையெழுத்து. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இதுல நகலெடுக்கற பொண்ணுங்கறாரு. இதுல எல்லாமே நீதாங்கறாரு. எதும்மா நிஜம்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அவசரப்படாத. முதல் லெட்டர்தான் நிஜம்னா உன்மேல ஒண்ணும் இல்ல, அவரத்தான் கேக்கணும். எங்கயாவது சேர்ந்து அனுபவம் வாங்கிட்டு மறுபடி அப்ளை பண்ணலாம். ரெண்டாவதுதான் நிஜம்னா பதிவு இல்லாம தொழில் பண்ணியிருக்கே. அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல உனக்குப் பதிவு கிடையாது.”

ஹரீஷ்குமார் போனிலிருந்து நிமிர்ந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது. நகலெடுக்கிற பொண்ணு என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும்.

“ரெண்டாவதுதான் சார். எல்லாம் நான் போட்டது” என்றாள் யுவஸ்ரீ. “பாஸ்வேர்டு அவர் குடுத்தது. ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும்.”

அதிகாரி ஹரீஷ்குமாரைப் பார்த்தார்.

“எனக்கு மெசேஜ் படிக்கற பழக்கமே இல்லீங்க” என்றார் ஹரீஷ்குமார்.

அதிகாரிக்கும் அந்தப் பழக்கம் இல்லைபோல. தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

“இன்னொண்ணு சார். மேல ஏத்தின ரெண்டு மாடியையும் இடிக்கணும். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது. அதையும் எழுதிக்குங்க.”

“அத நான் எழுத முடியாதும்மா. கட்டடம் தாங்குமா தாங்காதான்னு பதிவு பெற்ற பொறியாளர்தான் சொல்லணும்.”

உத்தரவு சீக்கிரமே வந்தது. இந்த மாதிரி உத்தரவுகள் தாமதமாவதில்லை. ‘பொறியாளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் யுவஸ்ரீ’யின் விண்ணப்பம் நிரந்தரமாக நிராகரிக்கப்பட்டது. கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி ஹரீஷ்குமாருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. அவருடைய பதிவுக்கு ஒரு கீறலும் இல்லை.

அந்தக் கீறலில்லாத பதிவோடு அவர் அடுத்த வேலையைச் செய்தார். சம்பங்கி வாட்ஸப்பில் தூணின் படங்களை அனுப்பினார். விரிசலைச் சிமென்ட்டால் அடைத்து மேலே பச்சை பெயின்ட் அடித்த பிறகு எடுத்த படங்கள். ஹரீஷ்குமார் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கட்டடம் உறுதியாக உள்ளது என்று சான்று கொடுத்தார். பதிவு பெற்ற பொறியாளர் சொல்லிவிட்டார், அதற்கு மேல் அலுவலகத்தில் கேட்க ஒன்றுமில்லை. சம்பங்கி அதை லேமினேட் செய்து கேட்டில் தொங்கவிட்டார்.

யுவஸ்ரீ தகவல் தெரிந்து வந்து சேர்ந்தபோது குடித்தனங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. ஆட்டோக்களிலிருந்து மெத்தைகள் இறங்கின. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கேட்டைத் திறந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பேச்சு, இந்த வீட்டுக்குப் புதிது.

“உள்ள போகாதீங்கக்கா” என்றாள் யுவஸ்ரீ. “இந்த வீடு தாங்காது.”

அந்தப் பெண் பயந்து நின்றாள். “நீங்க ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப இன்ஜினியருங்களா?”

யுவஸ்ரீ பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் சம்பங்கிக்குப் போதுமானதாக இருந்தது. அவர் படிக்கட்டுப் பக்கமிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். “அது நம்ம மாரம்மா பொண்ணும்மா. அது மேல ஆபீஸ்ல ஏதோ கேஸு, அந்தக் கடுப்புல பேசுது. இன்ஜினியரு எழுதிக் குடுத்தது இதோ தொங்குது பாரு. படிக்கத் தெரியுமில்ல?”

அந்தப் பெண் அதைப் படித்தாள். முத்திரையைப் பார்த்தாள். திரும்பி யுவஸ்ரீயையும் ஒருமுறை பார்த்தாள், பாவம் என்பதுபோல.

“கீழ வீடு காலி இல்லைன்னுட்டாங்கக்கா. மேல்மாடிதான் குடுத்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் சிலிண்டர் அடுப்போடு படியேறினாள். பின்னால் அவள் புருஷன் பீரோவைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

“பீரோவுல துணியை எல்லாம் எடுத்துருங்கண்ணா” என்றாள் யுவஸ்ரீ அவனிடம். “வெயிட்டு குறையும்.”

“அதெல்லாம் தாங்கும்க்கா” என்றான் அவன்.