கையில் புத்தகம் வைத்திருந்தவன்

போன வாரம் தபாலில் ஒரு பறவைக் கையேடு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை காட்டும் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தமிழில் போட்டிருக்கிறார்கள். "உபயோகமா இருக்குமான்னு பாத்துச் சொல்லுங்க சார், இந்தப் பக்கத்துல நீங்கதான் பழைய ஆளு" என்று போனில் ஒரு பெண் சொன்னாள். பழைய ஆள் என்பது மட்டும் உண்மை.

உறையைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் வீட்டுப் புத்தி. கள்ளக்குறிச்சி கடைவீதியில் என் அத்தா மல்லியை மூக்கில் வைத்த பிறகுதான் விலையே பேசுவார். புத்தகம் நல்ல புத்தகம்தான். சட்டைப்பையில் அடங்குகிறது. பச்சை பச்சையாகவே இருக்கிறது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நான் முதலில் வைத்திருந்த இங்கிலீஷ் கையேட்டில் கிளிக்கே மஞ்சள் காமாலை.

அந்தப் புத்தகத்துக்கு அப்போதே மதிப்புரை சொன்னவன் ஏழுமலை. கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர் மகன், என் வயசுக்காரன். பி.ஏ. முடித்துவிட்டு வனக்காவலர் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தான். படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா பாய் இது, எல்லாக் குருவியும் போட்டோ புடிக்க வந்த மாதிரியே குந்திக்கினு இருக்குது? நெசத்துல எது இப்பிடிக் காட்டிக்கினு நிக்கும்?"

அவன் சொன்னது சரி. கையேடு உதவ வேண்டுமானால் முதலில் யாராவது பறவையைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தக் கண் கிடையாது. கோமுகி அணைக்கரையிலும் வெள்ளிமலைக்குப் போகிற வழியிலும் அவன் காட்டுவான், நான் பக்கம் புரட்டுவேன். பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பறவை, எங்கே, என்றைக்கு, யார் முதலில் கண்டது என்று படத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவைப்பார்கள். என் புத்தகத்தில் பாதிப் பக்கங்களுக்குமேல் 'கண்டது ஏழுமலை'. நானாகக் கண்டதற்குப் பெயர் போடமாட்டேன், புத்தகமே என்னுடையதுதானே. நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "நல்லா எழுது, 'ஏ'வுக்குக் காலு இழுத்து வுடு" என்பான்.

இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நான் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லீவு கிடைத்த சந்தோஷத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கச்சிராயபாளையம் போனேன். ஊர் அந்த நிலைமையில் இருக்க, எனக்கு ஆந்தை பார்க்கிற ஆசை.

விழுந்துகிடந்த மரமொன்றின் பொந்தில் புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் இருப்பதாக ஏழுமலை சொன்னான். போய்ப் பார்த்தோம். ஒரு கிளை பொந்தை மறைத்துக்கொண்டிருந்தது. "அந்தக் கிளையக் கொஞ்சம் கழிச்சி வுடேன், தெரியட்டும்" என்றேன். நான்தான் சொன்னேன். அவன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கொடுவாள் எடுத்துவந்து வெட்ட ஆரம்பித்தான். இரண்டாவது வெட்டில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி இறங்கி முதலில் என் கையைப் பார்த்தார். புத்தகம். அடுத்து அவன் கையைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"ஸ்கூல்ல லேப் அசிஸ்டெண்ட் சார். பறவை பாக்க வந்தேன்."

அட்டையில் இருந்த மீன்கொத்தியைப் பார்த்துத் தலையாட்டினார். "இவன்?"

"அவரு கூடத்தான் வந்தேன் சார், பட்சி பாக்க" என்று ஏழுமலையே சொன்னான்.

"கொடுவாள வெச்சிக்கினா பட்சி பாக்குற?" என்று கேட்டுவிட்டு அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்க கூட வந்தவனா?"

புத்தகத்தைத் திறந்து காட்டினால் போதும். ஒன்றிரண்டு பக்கம் புரட்டினாலே அவன் பெயர் வரும். அந்தப் பெயர்தான் எனக்குப் பயமாக இருந்தது. மரம் வெட்டியவனின் பெயர் உன் புத்தகத்தில் எப்படி வந்தது என்று கேட்டால், என் வேலை? புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"யாருன்னு தெரியாது சார்."

ஏழுமலை புத்தகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும். "அதத் தொறந்து பாருங்க சார்" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

அன்று மத்தியானமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, ரப்பரால் பக்கம் பக்கமாக அவன் பெயரை அழித்தேன். போலீஸ் தேடி வரும் என்று பயம். யாரும் வரவில்லை. என் வேலை நிரந்தரமானது. மறியலுக்கு மரம் வெட்டினான் என்று அவன்மேல் போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. வழக்கு இருக்கிறதென்று வனக்காவலர் வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். புளியமரங்கள் இல்லை. மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. நேற்று அந்த இங்கிலீஷ் கையேட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். இடம் இருக்கிறது, தேதி இருக்கிறது. எது அவன் காட்டியது, எது நானாகக் கண்டது என்று எனக்கே தெரியவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் அத்தனையும் நான் கண்டதென்றுதான் நினைப்பார்கள்.