பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவள்

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் பறிக்கப் போகிறவள் இருளம்மாள். அவள் ஏறும் ஜீப்பும், வீட்டுக் கேபிளும் தோட்டங்களுக்குக் கூலியாள் அனுப்பும் மகாராஜனுடையவை. மகாராஜன் அவள் தெருவுக்குள் கால் வைத்ததே இல்லை. கேபிள் பழுதானால் தெருக்காரர்களே கம்பம் ஏற வேண்டும். அவர் தெரு முக்கில் நின்று கை காட்டுவார். அப்படி ஏறிய அவள் தம்பி போன மாதம் விழுந்து இடுப்பொடிந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வந்ததும், செட்டாப் பெட்டியை மகாராஜன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"கேபிள் வேணாம் மொதலாளி. கூரையில டிஷ் வச்சாச்சு. சீரியலை மக போன்ல போட்டுத் தர்றா."

"அடேயப்பா! உங்க தெருவும் டவுனாயிருச்சா?"

"என்னவோ ஆகட்டும். எங்க வீட்டு ஆளு இனி கம்பம் ஏற மாட்டான்."

பறிப்புக் காலத்தில் மகாராஜன் ஒரு வேலையாளை இழக்க மாட்டார் என்று நம்பியிருந்தாள். மறுநாள் காலை ஜீப்பு வந்தது.

"எடமில்லக்கா," என்றான் டிரைவர், காலியாக இருந்த முன்சீட்டைப் பார்க்காமல். "மொதலாளி சொல்லிட்டாரு."

உள்ளே இருந்த அவள் தெருப் பெண்கள் தூக்குச்சட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

அன்று வீட்டு டிவியில் படம் துல்லியமாகத் தெரிந்தது. பார்ப்பதற்குப் பகல் முழுவதும் இருந்தது.