கண்ணாடிப் பெட்டிக்குள் கோயில் கவசம்

பேர்கன் ரயிலுக்கு நேரம் இருக்கிறது. ஒஸ்லோவில் மழை. ஒதுங்க வந்த அருங்காட்சியகத்தில், கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாமுராய்க் கவசம் உட்கார்ந்திருக்கிறது. சிவப்புக் கயிற்றால் கோத்த இரும்புத் தகடுகள், கொம்பு வைத்த தலைக்கவசம், எங்கள் ஊர் வைரவர் சாமியின் மீசையோடு ஒரு முகமூடி. ஜப்பானில் ஒரு கோயிலுக்குச் சொந்தமானது, இரவலாக வந்திருக்கிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது.

கோயில் என்று வாசித்ததுமே சப்பாத்தைக் கழற்றிவிடுகிறேன். ஒருவரும் பார்க்காமல் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பு. திரும்பினால், பின்னால் வந்த வயதான நோர்வேத் தம்பதி குனிந்து தங்கள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கிறார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர்.

காவலுக்கு நிற்கும் பெண் கிட்ட வருகிறாள். சட்டையில் குத்திய அட்டையில் தமிழ்ப் பெயர்.

“அண்ணை, இஞ்சை சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை.”

“கோயில் சாமான் எண்டு போட்டிருக்கே, தங்கச்சி. அவையளுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கோ.”

“சொன்னனான். கேக்கினமில்லை. நீங்கள் முறை தெரிஞ்ச ஆளாம். அடுத்தது என்ன செய்யவேணும் எண்டு கேக்கினம்.”

எல்லோரும் காலுறையோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லுமளவுக்கு நோர்வே மொழி எனக்குத் தெரியும். வாய் திறக்கத்தான் வெட்கம். பெட்டியை வலமாகச் சுற்றத் தொடங்குகிறேன். அவர்களும் வரிசையாக வருகிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் மெல்ல வாசல் பக்கம் நழுவப் பார்க்கிறேன்.

“அண்ணை, மூண்டு சுத்தெல்லோ,” என்கிறாள் காவல்காரி, வரிசையில் கடைசி ஆளாக நடந்தபடி.