முதல் பக்கத்தில் எங்கள் லாட்ஜ்

நேற்று காலை ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் இவர்கள். என் மனைவி கிரேஸ். மகள் ஷைனி. நாகர்கோவிலில் இருந்து வந்த கம்பெனிக்காரர் ஆனந்த். நான்காம் நம்பர் அறையில் தங்கியிருந்த நாகப்பூர்ப் பெரியவர், ரூம் காலி செய்ய பில்லுக்குக் காத்திருந்தார். பிறகு நான். நாற்காலி நாலுதான். நான் நின்றேன்.

ஆனந்த் மேசையில் ஒரு தாளை வைத்தார். இன்னும் ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம். மாதம் பன்னிரண்டாயிரம். வெளியூர்க்காரர் போனில் ‘கன்னியாகுமரி லாட்ஜ்’ என்று தேடினால் எங்கள் லாட்ஜ் முதல் பக்கத்தில் வர வேண்டும். அதைச் செய்து தரும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். முதல் ஆறு மாதத்துக்கு எழுபத்திரண்டாயிரம் கொடுத்து முடித்தாயிற்று.

லாட்ஜ் சொந்தம் இல்லை, குத்தகை. எட்டு அறை. ஒரு நாளைக்கு ஐந்து அறை ஓடினால் வாடகையும் கரண்டும் போகச் சோறு உண்டு. அதற்குக் கீழே என்றால் இந்த மாதக் கடைசியில் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆப் வழியாகவும் ஆள் வரும். நூறு ரூபாய்க்கு இருபத்திரண்டை ஆப்காரன் எடுத்துக்கொள்வான். ஆள் நேராக வரட்டும் என்றுதான் இந்த எஸ்.இ.ஓ.வில் போய் விழுந்தேன்.

தாளில் புது மையின் மணம் அடித்தது. எனக்கு அந்த மணம் ஆகாது. முப்பது வருடம் பின்னால் கொண்டுபோய் ரயில் நிலைய வாசலில் நிறுத்திவிடும்.

அப்போது நான் லாட்ஜுகளுக்கு ஆள் பிடிக்கிறவன். சட்டைப் பையில் நூறு மஞ்சள் கார்டு இருக்கும். அச்சகத்தில் இருந்து ஈரம் காயாமல் வாங்கி வந்தது. வேர்வையில் மை இறங்கிவிடும். என் வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் நெஞ்சில் ஒரு லாட்ஜின் பெயர் உண்டு, கண்ணாடியில் பார்த்தால் படிக்கலாம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ‘ரூம் வேணுமா’ என்பதை மட்டும் ஏழு பாஷையில் கேட்பேன். அதற்கு மேல் அந்த ஏழில் பாதியில் ஒரு வார்த்தை தெரியாது. வங்காளத்துக்காரர் என்ன பதில் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிவிடுவேன். வேண்டாம் என்று சொன்னவர்களையும் அப்படிக் கூட்டிவந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

வாசலில் பதினான்கு பேர் நிற்போம். யார் முதலில் போய்க் கேட்பது என்று அடிதடி வரும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். முந்தின ரயிலில் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன அட்டை டிக்கெட்டை ஆளுக்கு ஒன்று பொறுக்குவோம். அதில் இருக்கும் நம்பரின் கடைசி எண் எவனுக்குப் பெரியதோ, அவனுக்கு முதல் ஆள். பூஜ்யம் விழுந்தவன் டீ குடிக்கப் போகலாம். சண்டை கிடையாது.

செல்லத்துரை என்று ஒருவன் இருந்தான். போர்ட்டருக்கு வடை வாங்கிக் கொடுத்து, உள்ளே பிளாட்பாரத்திலேயே போய் நின்றான். மூன்று நாள் விட்டோம். நான்காம் நாள் எங்களில் ஒருவனான மரியான் மறித்தான்.

“ஏலே, வடை குடுத்து முன்ன போறியே, நாணம் இல்லியால ஒனக்கு?”

“வடைதானே மக்கா. பிரியாணியா குடுத்தேன்?”

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் மறுநாள் முதல் அவன் வெளியேதான் நின்றான். விலை கொடுத்து முன்னால் நிற்பது தப்பு என்று அவனை முறைத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது மாதம் பன்னிரண்டாயிரம் கொடுக்கிறேன். வடை மலிவு.

ஆறு மாதத்துக்கு முன் ஆனந்த் முதலில் வந்தபோது எங்கள் லாட்ஜைப் பற்றி எழுதிக் காட்டினார். ‘கடல் பார்த்த சொகுசு அறைகள்’ என்று இருந்தது. எந்த அறையில் இருந்தும் கடல் தெரியாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் கொஞ்சம் தெரியும். சொன்னேன்.

“சார், ஆட்கள் தேடுக வார்த்தை அதாக்கும். அது இல்லேன்னா மேல வராது.”

“வந்த ஆளு கடல் எங்கன்னு கேட்டா?”

“தொட்டிக்கு ஒரு ஏணி போடுங்க.”

போட்டேன். அது தனிச் செலவு, இரண்டாயிரத்து நானூறு. இதுவரை அதில் ஏறியவன் தொட்டி கழுவுகிற ஆள்தான்.

இரண்டாம் மாதம் ஷைனி போனை நீட்டினாள். எங்கள் லாட்ஜ் முதலில் நின்றது. கிரேஸ் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். அன்று முதல் எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. விடிந்து கேட்டைத் திறப்பேன். வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பேன். டீ குடிக்கும் முன் போனில் தேடுவேன். முதலில் வரும். பெயரை அமுக்கித் திறப்பேன். கிரேஸும் அமுக்குவாள்.

அவள் அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்பது உண்டல்லவா? காய்ச்சல், பரீட்சை, விசா என்று எழுதுவார்கள். இவள் லாட்ஜை எழுதிக் கொடுத்தாள். போதகரும் வாசித்துவிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களிடம் இவளே கேட்டாள்.

“ஜெபிச்சா மட்டும் போராது. தினம் போன்லயும் ஒரு தடவ அமுக்கணும்.”

நல்ல சனங்கள். அமுக்கினார்கள். வழியில் பார்த்தால், “அண்ணே, நான் ரெண்டு போன்லயும் அமுக்கியாச்சு” என்பார்கள். நானும் நன்றி சொல்வேன்.

மாதம்தோறும் கம்பெனித் தாள் வரும். எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் அறுபது, இருநூற்றுப் பத்து, நானூற்று முப்பது என்று ஏறிக்கொண்டே போனார்கள். அறை நான்கு ஓடியது. பிறகும் நான்கு. பிறகு மூன்று. தாளில் திருவிழாக் கூட்டம், வாசலில் ஈ.

நேற்று பொறுமை போய்விட்டது. நாகப்பூர்க்காரரிடம் இந்தியில் கேட்டேன், எப்படி இங்கே வந்தீர்கள் என்று. ஆட்டோக்காரர் கொண்டுவிட்டார் என்றார். உங்கள் போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகத் தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் மதுரை லாட்ஜ் ஒன்று வந்தது. ஐந்தாம் பக்கத்தில் எங்கள் கேட்டின் படம்.

ஆனந்த் எட்டிப் பார்த்தார். “சார், நிங்க தினமும் அமுக்குனா ஒங்களுக்க போன் ஒங்களுக்குப் பிடிச்சத மேல காட்டும். அது ஒங்களுக்கு மட்டுமாக்கும்.”

“அப்போ சபைக்காரங்களுக்கு?” என்றாள் கிரேஸ்.

“எந்த சபைக்காரங்க?”

கிரேஸ் சொன்னாள். அவர் மேசையில் திறந்து வைத்திருந்த லாப்டாப்பை மெதுவாக மூடினார்.

“நானூத்தி முப்பதும் ஒங்க ஆட்களா?”

“எல்லாம் விசுவாசத்தோட அமுக்குனவங்க.”

“நிங்களே அமுக்கப்படாதுன்னு முதல்ல தந்த தாள்லயே இருக்கே.”

தாள் இங்கிலீஷ். நான் ஷைனியைப் பார்த்தேன். “ஏட்டி, நீ வாசிச்சியா?”

“பதினெட்டாவது வரிப்பா. யாரு வாசிப்பா?”

ஆனந்த் மோசமான ஆள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். போனில் வழி காட்டும் மேப்பில் எங்கள் பழைய நம்பர் கிடந்ததை முதல் நாளே பார்த்து மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு நிமிட வேலை. அதன் பிறகுதான் நேராக நாலு பேர் கூப்பிட்டார்கள். அதற்கு அவர் ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியதெல்லாம் மற்றதற்கு.

“ஒரு வருஷம் ஆவும் சார். இது வாழை போலயாக்கும். வச்ச ஒடனே குலை தள்ளாது.”

“வாழை பத்து மாசத்துல தள்ளும்.”

“செவ்வாழைன்னு வச்சுக்கிடுங்க.”

சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போடவில்லை. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். கிரேஸுக்குப் பொறுக்கவில்லை.

“இப்ப விட்டா எழுவத்திரெண்டும் வெள்ளத்துல போட்டதுக்குச் சமம். கேட்டியளா?”

“போட்டாச்சு. இன்னும் எழுவத்திரெண்டு போடணுமா?”

“சாவிய குடுத்துட்டு எங்க போவோம்?”

நான் நாகப்பூர்க்காரருக்குப் பில் எழுதினேன்.

இன்று விடிந்ததும் போனை எடுக்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் போனேன். வாசலில் என்னைத் தவிர யாரும் இல்லை. வண்டி வந்தது. முன்பெல்லாம் வண்டி நின்றால் பதினான்கு தொண்டையும் ஒன்றாகத் திறக்கும். எதிர்க்கடைக்காரர் பாட்டு காதில் விழவில்லை என்று ரேடியோவை அணைத்துவிடுவார். இன்று எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தபடி வந்தார்கள். இடப்பக்கம் திரும்பு என்று போன் சொன்னால் திரும்பினார்கள். பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறது, தூக்க ஆள் வேண்டாம். இந்தியில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன். ஒரு பெண்பிள்ளை மட்டும் நின்று சிரித்து, ஏற்கெனவே புக் பண்ணியதைப் போனில் காட்டினாள். வேண்டாம் என்று சத்தம் போடக்கூட ஆள் இல்லை. வேண்டாம் என்கிறவனிடம் பேசிப் பேசித்தான் நான் அறை நிறைத்தவன்.

திரும்பி நடந்தேன். வரும்போது ஷைனி ரூம் கணக்கு நோட்டை எடுத்து வைத்திருந்தாள். இன்று ஓடுகிற அறை மூன்று.